வண்டிக்கு ஒரு தடித்த தோல்: பெட்லைனர் பூச்சைப் பற்றி முதன்முதலாகக் கேட்பவர்களுக்கு

எங்கள் பெரியப்பா ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார். குடியாத்தம் பக்கமிருந்து பேரணாம்பட்டுக்குப் பச்சைத்தோல் ஏற்றுவது அதன் வேலை. உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பைத் தேய்த்து அடுக்கி அனுப்புவார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த உப்புத்தண்ணீர் வழியெல்லாம் சொட்டும். பாடியின் தரைத்தகடு, பின்கதவின் மடிப்பு, பக்கச் சட்டங்கள் எல்லாவற்றையும் அது மூன்றே வருடத்தில் அப்பளமாக்கிவிட்டது.

"கறுப்பா ஒரு பூச்சு வந்திருக்கு, பெட்லைனர்னு பேரு, அடிச்சிட்டா பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். நல்ல ஐப்பசி மழையில், ஒரே நாளில் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் புது வண்டி மாதிரி இருந்தது. பங்குனி வருவதற்குள் அங்கங்கே கொப்புளம். ஒன்றைக் கீறினால் உள்ளே தண்ணீர். தண்ணீருக்குக் கீழே துரு, முன்பைவிட அதிகமாக. ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் பூச்சு தோசை போல முழுசாக எழுந்து வந்தது.

பல பேர் இந்த இடத்தில் 'பெட்லைனரே ஏமாற்று வேலை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அதே வகைப் பூச்சை என் ஜீப்பின் ஃபுட்போர்டிலும் பம்பரிலும் நேரம் கொடுத்து அடித்தேன். ஐந்து வருடமாகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் ஜவ்வாது மலையின் சரளைப் பாதையும் பார்த்த பிறகும் ஓரம்கூட எழும்பவில்லை. இரண்டு வண்டியிலும் பூச்சு ஒன்றுதான். அடியில் இருந்த தகட்டின் நிலைதான் வேறு. இந்தக் கட்டுரையில் ஒரு நல்ல பங்கு அந்த அடித்தகட்டைப் பற்றியே பேசப்போகிறேன்.

பெட்லைனர் என்றால் என்ன

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்பக்கச் சரக்குத் தொட்டியை 'பெட்' என்பார்கள். நாம் பாடி என்கிறோமே, அதுதான். கல், மரம், இரும்புச் சாமான் என்று போட்டு இழுப்பதால் அங்கே பெயிண்ட் நிற்காது. முதலில் அதற்குள் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை இறக்கி வைத்தார்கள். அது தகட்டோடு ஒட்டாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. இடுக்கில் மண்ணும் தண்ணீரும் புகுந்தன. காப்பாற்ற வைத்த தட்டே தகட்டை அரித்தது. அதற்கு மாற்றாகத்தான் தகட்டோடு ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் பூச்சைப் பீய்ச்சி அடிக்க ஆரம்பித்தார்கள். ரைனோ லைனிங்ஸ், லைன்-எக்ஸ் என்ற பெயர்கள் அப்படிப் பிரபலமானவை. உள்ளே தாங்குவது வெளியிலும் தாங்கும் என்று கண்டுகொண்ட ஜீப்காரர்கள் அதை பம்பர், மட்கார்டு, கதவின் கீழ்ப்பாகம் என்று வெளியே கொண்டுவந்தார்கள்.

சாதாரண கார் பெயிண்டிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? கம்பெனியிலிருந்து வரும் காரில் பிரைமர், நிறம், மேலே உள்ள கிளியர் எல்லா அடுக்கும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். பெட்லைனர் அரை மில்லிமீட்டர் பக்கம் வரும். பெரிய மெஷின் வைத்து அடித்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூட வரும். கனத்தைவிட முக்கியமானது அதன் குணம். பெயிண்ட் கெட்டியாக, கண்ணாடி மாதிரி இருக்கும். லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த ஜல்லி பட்டால் அந்த இடம் உடைந்து சில்லாகப் போய்விடும். பெட்லைனர் ரப்பர் போலக் கொஞ்சம் அமுங்கி, அடியை வாங்கிக்கொண்டு, பழையபடி எழும்பும்.

அது பாலியூரிதேன் என்ற பொருள். ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1937-இல் கண்டறிந்தது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு 'பி.யு. சோல்' என்ற சொல் பழகியிருக்கும். அதே பி.யு.தான். வருடக்கணக்கில் மிதிபட்டும் மடங்கியும் தேயாமல் கிடக்கும் அந்தக் குணத்தைத்தான் தகட்டின் மேல் பூசுகிறோம்.

இரண்டு திரவங்கள் கலந்து இது உருவாகிறது. அரால்டைட் வாங்கினால் இரண்டு ட்யூப் இருக்குமே, அந்த மாதிரி. ஒன்று பிசின், மற்றொன்று ஹார்டனர். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததும் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு பெரிய வலையாகப் பின்னிக்கொள்கின்றன. இந்தக் கைகோர்க்கும் படத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல விஷயங்கள், அளவு தவறினால் ஏன் கெடுகிறது, ஈரம் ஏன் ஆகாது, துண்டு கட்டிக்கொண்டு அடிப்பது ஏன் ஆபத்து என்பவை எல்லாம், இதிலிருந்தே புரிந்துவிடும்.

கடையில் எதைக் கேட்பது

பெட்லைனர் என்ற ஒரே பெயரில் வேறு வேறு சரக்குகள் விற்கின்றன. பெரியப்பா வண்டிக்குப் பிறகு நான் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான்.

உச்சத்தில் இருப்பது பாலியூரியா. பாலியூரிதேனின் சகோதரன். இரண்டு திரவத்தையும் தனித்தனியாகச் சூடாக்கி, மிக அதிக அழுத்தத்தில் ஸ்பிரே துப்பாக்கியின் முனையிலேயே கலந்து அடிக்க வேண்டும். தகட்டில் பட்ட சில நொடிகளில் இறுகிவிடும். மெஷினே பல லட்சம் ஆகும் என்பதால் வீட்டில் செய்கிற காரியமில்லை. சரக்கு வண்டியின் முழு பாடிக்கும் அடிப்பதானால், அருகில் அப்படிப்பட்ட மெஷின் இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது.

அடுத்தது இரண்டு பாகக் கிட். வெளிப்பாகங்களுக்கு நான் இதையே சொல்வேன். யு-போல் நிறுவனத்தின் ராப்டர் இதில் பலருக்கும் தெரிந்த பெயர். பாட்டிலில் 750 மில்லி பிசின் இருக்கும். அதற்குள்ளேயே 250 மில்லி ஹார்டனரை ஊற்றிக் குலுக்கி, பாட்டிலை அப்படியே அதற்கென்று உள்ள துப்பாக்கியில் திருகி அடிக்கலாம். அதாவது மூன்றுக்கு ஒன்று. சாதாரண கம்ப்ரசர் போதும். நிறம் கலக்கக்கூடிய வகையும் உண்டு. வேறு கம்பெனிச் சரக்கு என்றால் கலவை அளவும் வேறாக இருக்கும். டப்பாவில் இருப்பதே சட்டம்.

மூன்றாவது, ஒரே டப்பாவில் வருவது. ரோலராலோ பிரஷ்ஷாலோ பூசலாம். சிலவற்றில் ரப்பர்த் துகள் கலந்திருக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மெதுவாக இறுகும். துப்பாக்கி இல்லாதவர்களுக்கு, பாடியின் உட்புறத்துக்கு, சரி. வெளியே தெரியும் பாகத்தில் ரோலர் ஓடிய தடம் தெரியும். ஸ்பிரே கேனில் வரும் வகை இன்னும் மெல்லியது. சின்ன பிராக்கெட்டுக்கோ டச்-அப்புக்கோ அது போதும்.

கடைசியாக ஒன்று: தார் கலந்த, ரப்பர் வாசனையடிக்கும் அண்டர்கோட்டிங். வண்டியின் அடிவயிற்றுக்கு அது நல்ல சரக்கு. ஆனால் அது முழுசாக இறுகாது. சித்திரை வெயிலில் கைவைத்தால் கறுப்பு ஒட்டும், உட்காருபவரின் வேட்டி போகும். இதையும் 'பெட்லைனர்தான் சார், ஒண்ணுதான்' என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். ஹார்டனர் தனியாக உண்டா என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி தெளிந்துவிடும்.

வெளிப்பாகத்துக்கு என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு: வெயிலுக்கு நிற்குமா? ஐசோசயனேட்டில் அரோமேட்டிக், அலிபேட்டிக் என்று இரண்டு குடும்பம். முதல் வகை மலிவு, பலமும் உண்டு. ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளிக்கும், கறுப்பு சாம்பலாகச் சுண்ணாம்பு பூத்தது போல் வெளுக்கும். இரண்டாவது நிறத்தைக் காக்கும். தோல் மூட்டைக்கு அடியில் கிடக்கும் தரைத்தகட்டுக்கு எது வேண்டுமானாலும் சரி. ஆனால் வேலூர் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் பம்பருக்கு அலிபேட்டிக் வேண்டும், இல்லையென்றால் மேலே வெயில் தாங்கும் பெயிண்ட் ஒரு கோட்டாவது வேண்டும்.

எவ்வளவு வாங்குவது என்பதற்குச் சின்னக் கணக்கு. ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். கரைப்பான் பறந்து போனபின் ஏறக்குறைய பாதி மிஞ்சும். ஆக, அரை மில்லிமீட்டர் வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கும் சேர்த்து. ஜீப்பின் இரண்டு பம்பர், கதவுக்குக் கீழுள்ள இரண்டு ஓரப்பட்டை, சக்கர வளைவுகள் எல்லாம் சேர்த்து மூன்று சதுர மீட்டர் பக்கம் வரும். நாலு லிட்டர் வாங்கினால் தைரியமாக அடிக்கலாம். பிக்கப் பாடியின் தரை மட்டும் எட்டரைக்கு ஐந்தரை அடி என்று வைத்தால் நாலேகால் சதுர மீட்டருக்கு மேல். சுவர்களையும் சேர்த்தால் ஏழெட்டு ஆகிவிடும். சரக்கு தீர்ந்துபோகிறதே என்று கடைசி மூலையில் மெல்லிசாக இழுத்தால், முதலில் எழும்பப்போவது அந்த மூலைதான்.

எந்தப் பாகத்துக்கு, எதற்கு வேண்டாம்

என் அளவுகோல் எளிது. கல்லும் காலும் சரக்கும் படுகிற இடத்துக்கு அடியுங்கள். ஃபுட்போர்டு, கதவுக்குக் கீழுள்ள ஓரப்பட்டை, சக்கர வளைவின் உதடு, பம்பர், பின்கதவின் மேல்விளிம்பு, பாடியின் உட்புறம், டிராக்டர் டிரெய்லரின் பக்கப்பலகை. பானெட்டுக்கும் கூரைக்கும் முழுசாக அடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. அங்கே கல் அவ்வளவாகப் படுவதில்லை. சொரசொரப்பில் தூசு தங்கும். பின்னால் விற்கும்போது பானெட்டில் ஏதோ அடிபட்டதை மறைத்திருக்கிறார்களோ என்று வாங்குபவர் சந்தேகப்படுவார். இந்தப் பூச்சைத் திரும்ப எடுப்பது லேசில்லை என்பதையும் யோசியுங்கள். தின்னருக்குக் கரையாது. கிரைண்டரும் ஹீட் கன்னும் வைத்து நாள்கணக்கில் சுரண்ட வேண்டும்.

சில இடங்களில் அடிக்கவே கூடாது. சேசிஸ் நம்பர் பொறித்த இடம், ரிஃப்ளெக்டர் பட்டைகள், சைலன்சர் ஒட்டிய தகடு, பார்க்கிங் சென்சார் என்பவை தெரிந்தவைதான். பலரும் மறப்பது கதவின் அடிவிளிம்பிலுள்ள தண்ணீர் வடியும் துளைகள். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைநீர் அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. பூச்சு அதை அடைத்துவிட்டால் கதவு உள்ளுக்குள் தண்ணீரைத் தேக்கி, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே அழகாக இருக்கும். ஒரு நாள் கதவை மூடும்போது அடிவிளிம்பு கையோடு வரும். ஒவ்வொரு துளையிலும் ஒரு தீக்குச்சியைச் செருகி வைத்துவிட்டு அடியுங்கள், ஈரம் காயும் முன்பே எடுத்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டியின் நிறம் ஆர்.சி.யில் பதிவான விவரம். பம்பருக்கும் ஃபுட்போர்டுக்கும் கறுப்பு அடிப்பதால் வண்டியின் நிறம் மாறிவிடாது. ஆனால் முழு வண்டியையும் வேறு நிறத்தில் பூசினால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் திருத்த வேண்டும். ஜீப் வைத்திருக்கும் தம்பிகள் ஆசைப்படும் ராணுவப் பச்சையை மட்டும் மறந்துவிடுங்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதிப்படி அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது.

தகட்டைத் தயார்செய்வது

பெட்லைனர் துருவை நிறுத்தாது. நல்ல தகட்டைக் காக்கும். துருப்பிடித்த தகட்டை மூடும். மூடிய பிறகு துரு உங்கள் கண்ணில் படாமல் வளரும்.

பெரியப்பா வண்டியில் நடந்தது இதுதான். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து மேல்துருவை எடுத்தார்கள். ஆனால் துரு தின்ற சின்னச் சின்னப் பள்ளங்களுக்குள் உப்பு உட்கார்ந்திருந்தது. பூச்சு எவ்வளவு கனமானாலும் நீராவி அதன் வழியே மிக மெதுவாகப் புகும். உள்ளே உப்பு இருந்தால் அந்த நீரை அது இழுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஊறுகாய்ச் சாடியில் உப்புப் போட்ட மாங்காய் எப்படித் தண்ணீர் விடுகிறது, அதே சவ்வூடு பரவல்தான். சேர்ந்த நீர் பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்குகிறது. உப்பும் நீரும் காற்றும் கிடைத்த இரும்பு அதற்குக் கீழே அழுகுகிறது. ஆகவே தோல் வண்டி, மீன் வண்டி, உர மூட்டை ஏற்றிய வண்டி என்றால் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீரில் பல தடவை கழுவ வேண்டும். நம்மூர் போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர். கடைசிக் கழுவலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் தேடுங்கள்.

துரு உள்ள இடத்தைப் பளபளவென்று இரும்பு தெரியும் வரை எடுப்பதுதான் முறை. ஓட்டை விழுந்திருந்தால் வெட்டி எடுத்து வேறு தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். புட்டி வைத்து அடைத்துவிட்டு மேலே பெட்லைனர் அடிப்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கிரைண்டர் எட்டாத பள்ளங்களில் மிஞ்சும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற திரவம் விற்கிறது. அதில் பலவற்றில் இருப்பது டானிக் அமிலம். நம் வடாற்காட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்களே, அந்தப் பட்டையிலும் காயிலும் இருக்கும் துவர்ப்புப் பொருளின் குடும்பம் அது. தோல் ஊறிய தொட்டியில் இரும்பு பட்டால் கறுத்துவிடும் என்று பழைய தோல்ஷாப் ஆட்கள் எச்சரிப்பார்கள். அந்தக் கறுப்புதான் இங்கே வேலை செய்கிறது: டானின் துருவோடு சேர்ந்து நீலங்கலந்த கறுப்புப் படிவமாக மாறி, தண்ணீரில் கரையாமல் ஒட்டிக்கொள்கிறது. தாத்தா காலத்துத் தோல் தொட்டியில் பயந்த கறையை இன்று தகட்டைக் காக்கப் பூசுகிறோம் என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் இது பள்ளத்தில் மிஞ்சியதற்கு மட்டும்தான். செதிள் செதிளாக நிற்கும் துருவின் மேல் இதை ஊற்றிப் பயனில்லை.

நல்ல பெயிண்ட் இருக்கும் இடத்தில் பெயிண்டை முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. கம்பெனி பெயிண்டைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. அதன் பளபளப்பை மட்டும் கொன்றுவிட வேண்டும். பூச்சு பிடித்துக்கொள்ளக் கீறல் வேண்டும்; வழுவழுப்பில் அதற்குப் பிடி கிடைக்காது. 180-ஆம் நம்பர் உப்புத்தாள் சரியாக இருக்கும். மூலைகளுக்கும் மடிப்புகளுக்கும் சிவப்பு ஸ்காட்ச்-பிரைட். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு இடத்தில்கூட மினுக்கம் தெரியக்கூடாது. மினுங்கும் இடத்தில்தான் பின்னால் உரியும்.

ஆனால் தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். பலர் தேய்த்த பிறகுதான் துடைக்கிறார்கள். அப்போது மெழுகும் கிரீஸும் உப்புத்தாள் போட்ட கீறல்களுக்குள் திணிக்கப்பட்டுவிடும். டயர் பாலிஷ் அடித்த வண்டியாக இருந்தால் அதிலுள்ள சிலிகான் இன்னும் பொல்லாதது. சக்கர வளைவில் பூச்சு நில்லாமல் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு வேக்ஸ் நீக்கும் திரவம், அப்புறம் உப்புத்தாள், திரும்பவும் துடைப்பு. துடைக்கும் துணி ஒவ்வொரு தடவையும் சுத்தமாக இருக்கட்டும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தவர் சத்துவாச்சாரியில் பெயிண்டர் வேலை பார்த்த ஒரு பெரியவர். நான் 'முடிச்சிட்டேன் பாய்' என்றதும் ஒரு சொம்புத் தண்ணீரை ஃபுட்போர்டு மேல் ஊற்றினார். "எங்க முத்து முத்தா நிக்குது பாருங்க தம்பி, அங்க இன்னும் மெழுகு இருக்கு. தண்ணி பாய் விரிச்ச மாதிரி படியணும்." மூன்று தடவை திரும்பத் துடைத்த பிறகுதான் படிந்தது.

வெறும் இரும்பு தெரியும் இடங்களுக்கு எபாக்சி பிரைமர் கட்டாயம். பெட்லைனர் அடியைத் தாங்கும். இரும்போடு ஒட்டிக்கொண்டு ஈரத்தைத் தடுக்கும் வேலை பிரைமருடையது. பிளாஸ்டிக் பம்பர் என்றால் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பி.பி. என்ற எழுத்துகள் அச்சில் இருந்தால் அது பாலிபுரோப்பிலீன். எதுவுமே லேசில் ஒட்டாத பிளாஸ்டிக். தேய்த்தபின், பூச்சு ஒட்டிக்கொள்ள உதவும் அட்ஹீஷன் புரமோட்டர் என்ற திரவத்தை மெல்லிசாக அடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

எந்த மாதத்தில்

ஐசோசயனேட்டின் கை பிசினுக்காகக் காத்திருக்கிறது என்றேன். தண்ணீர் வந்தால் அது தண்ணீரின் கையையும் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் கரியமில வாயு வெளிவரும். சோடா போலப் பூச்சுக்குள் குமிழ் கட்டும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையில் அடிக்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். மார்கழி காலையில் தகட்டில் பனி இறங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இருக்கும். தகட்டின் வெப்பம் பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் பொதுவான விதி.

கத்திரி வெயிலிலோ எதிர்ப்பக்கச் சிக்கல். இந்த மாதிரி வேதிவினைகள் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும். 20 டிகிரியில் ஒரு மணிநேரம் தாங்கும் கலவை 40 டிகிரியில் கால்மணிநேரத்தில் துப்பாக்கிக்குள் கெட்டியாகிவிடும். அதற்காகச் சிலர் ஹார்டனரைக் குறைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கைகோர்க்க ஆள் குறைந்தால் வலை பாதி பின்னி நின்றுவிடும். பூச்சு கடைசிவரை பிசுபிசுப்பாகவே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள், விடியற்காலை வேலையை ஆரம்பியுங்கள், டப்பாக்களை முந்தின இரவு குளிர்ந்த அறையில் வையுங்கள். ஆடிக்காற்றில் திறந்தவெளியில் அடித்தால் பாலாற்று மணலும் சேர்ந்தே ஒட்டும். என் கணக்கில் தை, மாசி, பங்குனிதான் நல்ல மாதங்கள். நிழலில், காலை ஒன்பது மணிக்கு மேல்.

அடிக்கும்போது

முதலில் மூச்சு. நம்மூரில் மூக்கைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பாகப் பெயிண்ட் அடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. கைகோர்க்கத் துடிக்கும் அந்த ஐசோசயனேட் நுரையீரலின் ஈரத்தோடும் சேரும். அது உண்டாக்கும் ஆஸ்துமா ஒரு தடவை வந்துவிட்டால், அப்புறம் மிகச் சிறிதளவு பட்டாலும் மூச்சு அடைத்துக்கொள்ளும். பெயிண்டர் தன் தொழிலையே விட வேண்டிவரும். துண்டும் துணி மாஸ்க்கும் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவி கார்ட்ரிட்ஜும் தூசு ஃபில்டரும் உள்ள ரெஸ்பிரேட்டர், கண்ணாடி, நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை இவைதான் குறைந்தபட்சம். நாள் முழுக்க இதையே செய்யும் பட்டறைக்கு வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடி வேண்டும். நான்கு பக்கமும் காற்றோட்டம் இருக்கட்டும், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பட்டறையில் கொடுத்து அடிக்கச் சொல்வதானாலும், அடிக்கப்போகிற தம்பிக்கு முகமூடி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வாங்கிக் கொடுங்கள். கிட்டின் விலையில் அது சின்னப் பங்குதான்.

மாஸ்கிங் டேப்பை ஒட்டும்போது வண்டியின் உடம்பிலேயே இருக்கும் மடிப்புக்கோட்டைப் பிடித்துப் போங்கள். பூச்சு முடியும் இடம் மடிப்பில் இருந்தால் கம்பெனி வேலை போலத் தெரியும்; நடுத்தகட்டில் முடிந்தால் பாதியில் விட்டது போலத் தெரியும். கம்ப்ரசரில் தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர் இருக்க வேண்டும், டேங்கின் தண்ணீரை அன்று காலையே திறந்துவிடுங்கள்.

முதல் கோட்டு மெல்லியதாக இருக்கட்டும். அடித்தளம் லேசாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. துப்பாக்கியை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்து, ஒரே வேகத்தில் நகர்த்தி, முந்தின வரிசையின் பாதியை அடுத்த வரிசை மூடும்படி போங்கள். ஒரு மணிநேரம் போல விட்டு இரண்டாவது கோட்டு. சொரசொரப்பு எப்படி வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கிறது. அழுத்தத்தைக் கூட்டித் தள்ளிப் பிடித்தால் நைசாக வரும். குறைத்துக் கிட்டே பிடித்தால் ரவை உப்புமா மாதிரி பருக்கையாக வரும். ஃபுட்போர்டில் கால் வழுக்காமலிருக்கப் பருக்கை நல்லது. பம்பருக்கு நைஸ் அழகு. முதலில் ஒரு பழைய தகட்டில் அடித்துப் பாருங்கள்.

டேப்பை எப்போது எடுப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். முழுசாகக் காய்ந்தபின் இழுத்தால் டேப்போடு ஓரம் கிழிந்து வரும், அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் நுழையும். கடைசிக் கோட்டு அடித்துக் கொஞ்ச நேரத்தில், இன்னும் இறுகாத நிலையில், பூச்சுக்கு எதிர்ப்பக்கமாக மடக்கி மெதுவாக இழுங்கள்.

தொட்டால் ஒட்டாத நிலை சில மணிநேரத்தில் வந்துவிடும். அதை நம்பி மறுநாளே சரக்கு ஏற்றாதீர்கள். இரண்டு மூன்று நாள் லேசான ஓட்டம், ஒரு வாரம் கழித்துக் கனமான வேலை. அதுவரை ஷாம்பூவோ பிரஷர் வாஷோ வேண்டாம்.

பிறகு பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சொரசொரப்புக்குள் செம்மண் தங்கும். நைலான் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். தோல் வண்டியானால் ஒவ்வொரு டிரிப்புக்குப் பிறகும் பாடியைக் கழுவிவிடுங்கள், முக்கியமாகப் பின்கதவின் மடிப்பை. எங்காவது ஆழமாகக் கிழிந்தால் அந்த இடத்தை மட்டும் 180-ஆம் நம்பர் தாளில் தேய்த்து, இரும்பு தெரிந்தால் பிரைமர் வைத்து, கொஞ்சம் கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும். பளபளப்பு பெயிண்டில் ஒட்டுப்போட்டது தெரியும்; இதன் பருக்கையில் தெரியாது.

பெரியப்பா வண்டியின் பாடியைப் போன தை மாதம் திரும்பப் பார்த்தோம். தரைத்தகட்டில் பாதியை வெட்டிப் புதுசு வைத்து, நாலு நாள் கழுவித் தேய்த்து, பிரைமர் அடித்து, ஐந்தாம் நாள் பெட்லைனர். இந்த ஐப்பசி மழை முடிந்ததும் பின்கதவின் மடிப்பை டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கொப்புளம்கூட இல்லை. சக்கர வளைவின் உள்பக்கத்தையும் எப்போது அடிக்கலாம் என்று கேட்டார். தை வரட்டும் என்றேன்.